புல்லும் தானியமும்: மாடு கொழுக்க வைத்தலின் வரவு செலவு – ஓர் ஒப்பாய்வு

தமிழில் 'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் ஒரு பொருள் உண்டு. திருவள்ளுவர் கல்வி அதிகாரத்தின் இறுதிக் குறளில் அச்சொல்லை அப்பொருளிலேயே ஆண்டுள்ளார். ஆங்கிலத்தில் மாட்டைச் சுட்டும் 'கேட்டில்' என்னும் சொல்லும் முதலைச் சுட்டும் 'கேப்பிட்டல்' என்னும் சொல்லும் ஓர் இலத்தீன் வேரில் கிளைத்தவை. அரபியில் செல்வத்தைக் குறிக்கும் 'மால்' என்னும் சொல் பாலைவாழ் மக்களிடையே பெரும்பாலும் ஒட்டகத்தையும் பிற கால்நடைகளையுமே குறித்தது. தொலைவில் வாழ்ந்த மூன்று மக்கட் கூட்டங்கள் ஒரே எண்ணத்தை எய்தியிருப்பது வியப்பிற்குரியது. எனினும் மாடாகிய செல்வம் நாள்தோறும் தின்னும் செல்வம். அது தின்பதற்கு மேல் ஈட்டித் தருகின்றதா என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

அறிவியலையும் பொருளியலையும் தமிழில் சொல்ல இயலுமா என்னும் ஐயம் இன்னும் சிலரிடம் உள்ளது. அதற்கு விடையாக நீண்ட வாதங்கள் தேவையில்லை. ஒரு கணக்கைத் தமிழில் போட்டுக் காட்டினாலே போதும். இறைச்சி மாட்டை விற்பனைக்கு முன் கொழுக்க வைக்கும் முறைகளுள் எது ஆதாயம் தரும் என்பதே நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட வினா. இத்தொழில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தனித்துறையாகவே வளர்ந்துள்ளமையால் அந்நாட்டையே களமாகக் கொள்கின்றோம். நம் மாணவர்கள் தாளும் எழுதுகோலும் அருகில் வைத்துக்கொண்டு படிப்பார்களாயின் நலம்.

தொழிலின் அமைப்பு

அமெரிக்காவில் இறைச்சிக்கென வளரும் கன்று ஆறு முதல் எட்டுத் திங்கள் வரை தாயோடு புல்வெளியில் வளர்கின்றது. பால் மறந்தபின் சில திங்கள் மேய்ச்சலிலேயே கழிகின்றது. ஒக்லஹோமாவிலும் கான்சாசின் தென்பகுதியிலும் குளிர்காலக் கோதுமைப் பயிரிலேயே இளங்காளைகளை மேயவிடுவர். பயிர் தண்டு திரளும் முன் மாடுகளை வெளியேற்றிவிட்டால் அதே வயலில் கோதுமையும் அறுவடையாகும். நாம் இங்கு ஆராயப் புகுவது இதற்கு அடுத்த இறுதிக் கட்டம் மட்டுமே. ஆகவே 'தானிய மாடு' என்றும் 'புல் மாடு' என்றும் மக்கள் பிரித்துப் பேசும்போது ஒன்றை மறந்துவிடலாகாது. தானிய மாடும் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைப் புல்லிலேயே கழித்ததுதான். வேறுபாடு கடைசி ஐந்தாறு திங்களில் உள்ளது.

அவ்விறுதித் திங்களை மாடு எங்கே கழிக்கின்றது? அங்கு 'ஃபீட்லாட்' எனப்படுவதை நாம் தீனிப்பட்டி என்போம். வேலியடைத்த திறந்தவெளிப் பட்டிகளில் மாடுகளை நிறுத்தி, மக்காச்சோளத்தை முதன்மையாகக் கொண்ட கலப்புத் தீனியைத் தொட்டிகளில் இடுவர். முன்னர் அயோவா, இல்லினாய்ஸ் உழவர்கள் தத்தம் வயலில் விளைந்த சோளத்தைத் தத்தம் மாட்டுக்கு இட்டுச் சிகாகோச் சந்தைக்கு அனுப்பினர். கொலராடோவின் கிரீலியில் வாரன் மான்ஃபோர்ட் போன்றோர் 1930-களில் ஆண்டு முழுதும் மாட்டை அடைத்துத் தீனியிடும் முறையை வளர்த்தனர். இரண்டாம் உலகப்போருக்குப் பின் நிலத்தடி நீர் இறைக்கும் பொறிகள் பெருகவே, வறண்ட மேட்டுச் சமவெளியிலும் தானியம் விளைந்தது. தொழிலும் நெப்ராஸ்கா, கான்சாஸ், டெக்சாசின் வடமுனை நோக்கி நகர்ந்தது. 1865-இல் தொடங்கிய சிகாகோவின் பெருஞ்சந்தை 1971-இல் மூடப்பட்டது. இன்று 1000 மாடுகளுக்கு மேல் கொள்ளும் பட்டிகள் எண்ணிக்கையில் 5 விழுக்காட்டிற்கும் குறைவே. எனினும் கொழுத்த மாடுகளில் 80 முதல் 85 விழுக்காட்டை விற்பவை அவையே.

மற்றொரு முறை, இறுதிவரை புல்லிலும் உலர்புல்லிலும் வைத்தே மாட்டை முதிரச் செய்வது. சிறு உழவர் பலர் இதனை நாடுகின்றனர். சோளம் வாங்க வேண்டியதில்லை, பட்டிக்கூலி இல்லை, புல் தானே முளைக்கின்றது, ஆகவே செலவு குறைவு என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணம் சரியா என்பதைத்தான் சோதிக்க வேண்டும்.

தீனிப்பட்டிக் கணக்கு

கீழ்வரும் விலைகள் விளக்கத்திற்காக நாம் கொண்ட முழு எண்கள். எந்த ஓர் ஆண்டின் சந்தை நிலவரமும் அல்ல. எடை கூடும் வேகமும் தீனியின் அளவும் நடைமுறையில் காணப்படுபவற்றை ஒட்டியவை.

340 கிலோ எடையுள்ள காயடித்த இளங்காளை ஒன்றை, கிலோ 3.50 டாலர் வீதம் 1190 டாலருக்கு வாங்குகின்றோம் எனக் கொள்வோம். தீனிப்பட்டியில் அது நாளொன்றுக்கு 1.5 கிலோ கூடும். 180 நாட்களில் 270 கிலோ கூடி 610 கிலோ ஆகும். ஒரு கிலோ எடை கூட 6.5 கிலோ உலர்தீனி தேவை. ஆக 1755 கிலோ தீனி. கிலோ 22 சென்ட் வீதம் 386 டாலர். பட்டிக்கூலி நாளுக்கு 50 சென்ட் என்றால் 90 டாலர். மருந்துக்கு 25 டாலர். முதலுக்கும் தீனிக்குமான வட்டி, ஆண்டுக்கு 8 விழுக்காடு வீதம், 56 டாலர். நூற்றில் ஒரு மாடு இறக்கும் எனக் கொண்டு அவ்விழப்புக்கு 12 டாலர். வாங்கிய விலை நீங்கலாக இவையனைத்தும் 569 டாலர். மொத்த அடக்கம் 1759 டாலர்.

விற்கும் விலை கிலோ 3.00 டாலர் ஆயின் 610 கிலோவுக்கு 1830 டாலர் வரும். எஞ்சுவது 71 டாலர். ஆறு திங்கள் உழைப்பிற்கும் 1759 டாலர் இடருக்கும் கிடைத்த பயன் இவ்வளவே. விற்கும் விலை கிலோவுக்கு 12 சென்ட் இறங்கினால் இந்த ஆதாயமும் மறைந்துவிடும்.

இரண்டு இடைவெளிகள்

கன்றை 3.50-க்கு வாங்கிக் கொழுத்த மாட்டை 3.00-க்கு விற்பது என்ன வணிகம் என்று நம் மாணவர் சிலர் வினவக்கூடும். இவ்வினா மிகவும் நல்ல வினா. இதற்கு விடை தெரிந்தவனே இத்தொழிலில் நிலைக்கின்றான்.

ஆதாயம் இரண்டு இடங்களிலிருந்து வருகின்றது. முதலாவது, வாங்கிய எடையின் மேல் நேரும் விலை வேறுபாடு. இதை விலை இடைவெளி எனலாம். நம் கணக்கில் 340 கிலோவின் மேல் கிலோவுக்கு 50 சென்ட் இழக்கின்றோம். ஆகவே 170 டாலர் நட்டம். இரண்டாவது, புதிதாகக் கூட்டிய எடையின் மேல் வருவது. இதைத் தீனி இடைவெளி எனலாம். 270 கிலோவைக் கூட்ட 569 டாலர் ஆயிற்று, கிலோவுக்கு 2.11 டாலர். அதை 3.00-க்கு விற்கின்றோம். இங்கே 241 டாலர் ஆதாயம். 241-இலிருந்து 170-ஐக் கழித்தால் முன்பு கண்ட 71 டாலர் கிடைக்கும்.

கிலோ கூட்டும் செலவு விற்பனை விலையினும் தாழ்ந்திருக்கும்வரை, அதிக விலை கொடுத்தேனும் கன்றை வாங்கப் பட்டிக்காரர் போட்டியிடுவர். அப்போட்டியால் ஆதாயத்தின் பெரும்பகுதி கன்றின் விலையில் ஏறிவிடுகின்றது. கன்று விலை உயர்ந்திருப்பது மலிவான தீனியின் நிழல் எனலாம்.

தீனி விலை ஏறினால் என்ன நேரும்? உலர்தீனி 22 சென்ட்டிலிருந்து 33 சென்ட் ஆகட்டும். தீனிச்செலவு 579 டாலர் ஆகிறது. 71 டாலர் ஆதாயம் 126 டாலர் நட்டமாக மாறுகின்றது. பட்டிக்காரர் அடுத்த முறை கன்று வாங்கும்போது கிலோவுக்கு ஏறத்தாழ 35 சென்ட் குறைத்துக் கேட்டால்தான் அவருக்குக் கட்டும். அதாவது சோளம் விலையேறியதன் சுமை, சோளமே வாங்காத, மலையடிவாரத்தில் தாய்ப்பசுக்களை வளர்க்கும் உழவர் தலையில் இறங்குகின்றது. இது வெறுங்கற்பனை அன்று. 2005-இல் ஒரு புஷல், அதாவது ஏறத்தாழ 25 கிலோ, 2 டாலர் அளவில் விற்ற மக்காச்சோளம், 2012-ஆம் ஆண்டு வறட்சியில் 8 டாலரைத் தாண்டியது. புல்வெளிகளும் காய்ந்தன. தாய்ப்பசுக்களையே உழவர் விற்றனர். மாடு கிடைக்காமையால் 2013 தொடக்கத்தில் டெக்சாசின் பிளெயின்வியூ நகரில் கார்கில் நிறுவனத்தின் பெரும் இறைச்சிக்கூடம் மூடப்பட்டு, ஏறத்தாழ 2000 பேர் வேலையிழந்தனர்.

புல்வெளிக் கணக்கு

இனி அதே காளையை அதே 1190 டாலருக்கு வாங்கிப் புல்லில் விடுவோம். இடம் அயோவா போன்ற, குளிர்காலத்தில் பனி மூடும் நிலம். பசும்புல் கிடைப்பது 180 நாட்கள். அப்போது நாளுக்கு 0.8 கிலோ வீதம் 144 கிலோ கூடும். எஞ்சிய 150 நாட்கள் உலர்புல். அப்போது 66 கிலோ கூடும். 330 நாட்களில் 210 கிலோ கூடி மாடு 550 கிலோ ஆகிறது.

மேய்ச்சலுக்கு நாளுக்கு 1 டாலர் வீதம் 180 டாலர். உலர்புல் நாளுக்கு 1.40 டாலர் வீதம் 210 டாலர். வேலி, தண்ணீர், ஆட்கூலி நாளுக்கு 30 சென்ட் வீதம் 99 டாலர். மருந்துக்கு 20 டாலர். வட்டி 101 டாலர். இறப்பு இழப்பு 12 டாலர். மொத்தம் 622 டாலர். ஒரு கிலோ கூட்டும் செலவு 2.96 டாலர்!

நாட்செலவு என்று பார்த்தால் புல்வெளி மலிவுதான். பட்டியில் ஒரு நாளைக்கு 3 டாலருக்கு மேல் செலவாகிறது. புல்வெளியில் 2 டாலருக்கும் குறைவு. ஆனால் நாட்கள் ஏறத்தாழ இரு மடங்கு. எடை கூடுவதோ பாதிக்கும் குறைவு. சந்தையில் 3.00 டாலருக்கே விற்றால் 1650 டாலர் வரும். அடக்கம் 1812 டாலர். நட்டம் 162 டாலர். நூறு மாடு வைத்திருக்கும் குடும்பத்திற்கு இது 16,200 டாலர் இழப்பு. இக்கணக்கைப் போடாமல், சோளம் வாங்கவில்லை என்னும் நிறைவிலேயே ஓராண்டைக் கழித்துவிட்டுப் பின்னர் வருந்துவோர் உண்டு.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. உயிரெடை வேறு, உரித்த எடை வேறு. தானியத்தில் முதிர்ந்த மாடு உயிரெடையில் 62 விழுக்காடு அளவு உரித்த எடை தருமென்றால், புல்லில் முதிர்ந்தது 56 விழுக்காடு அளவே தரும். முன்னதில் 378 கிலோ. பின்னதில் 308 கிலோ. அடக்கவிலையை உரித்த எடையால் வகுத்தால் முன்னதற்குக் கிலோ 4.65 டாலர், பின்னதற்கு 5.88 டாலர். புல் மாட்டு இறைச்சிக்கு வாங்குவோர் 26 விழுக்காடு கூடுதல் விலை தந்தால்தான் இரண்டும் அடக்கத்தில் சமமாகும்.

இங்கே புல்லைத் தோற்கடிப்பது தானியமா? அன்று, குளிர்காலமே. ஆண்டு முழுதும் புல் தழைக்கும் நிலமாயின் உலர்புல் செலவு இல்லை. நாளுக்கு 0.8 கிலோ வீதம் 263 நாட்களில் அதே 210 கிலோ கூடிவிடும். மேய்ச்சல் 263, கூலி 79, மருந்து 20, வட்டி 77, இறப்பு 12 எனக் கூட்டினால் 451 டாலர். கிலோ கூட்டும் செலவு 2.15 டாலர். தீனிப்பட்டியின் 2.11-க்கு இது ஏறத்தாழ இணை. நியூசிலாந்தும் உருகுவேயும் புல்லாலேயே இறைச்சித் தொழிலை நடத்துவதற்கும், அயோவா உழவர் அவ்வாறு செய்யத் தயங்குவதற்கும் காரணம் இதுவே. முறையை நிலத்தினின்றும் பிரித்து நல்லது தீயது எனத் தீர்ப்புக் கூறுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முடங்கும் முதல்

வட்டியைக் கணக்கில் சேர்த்தமை கண்டு நம் பெரியோர்கள் முகம் சுளிக்கக்கூடும். வட்டி வாங்குவதையும் கொடுப்பதையும் விலக்கியவர்க்கும் இந்த வரி முற்றாக நீங்குவதில்லை என்பதே நம் கருத்து. 1190 டாலர் 330 நாட்கள் ஒரே மாட்டில் முடங்கிக் கிடக்கின்றது. அதே முதல் தீனிப்பட்டியில் ஆண்டுக்கு இருமுறை சுழலும். வேறொரு வணிகத்தில் இட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய ஆதாயத்தை இழந்தோம் அல்லவா? அந்த வாய்ப்பிழப்பை வட்டி என்னும் பெயரால் சுட்டாவிடினும், செலவாகவே கொள்ள வேண்டும். சொந்த நிலத்துப் புல்லுக்கும் இது பொருந்தும். நம் நிலம்தானே என்று புல்லுக்கு விலை போடாதவர், அந்நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் வரும் தொகையை மாட்டுக்கு இனாமாகத் தருகின்றார்.

வாங்கிய தீனிக்கும் தானே கிடைத்த மேய்ச்சலுக்கும் உள்ள வேறுபாட்டை இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கருதியுள்ளமை ஈண்டு நினைக்கத்தக்கது. மாட்டின் ஜகாத் 30 மாடுகளிலிருந்து தொடங்குகின்றது. பொது மேய்ச்சலில் வளர்பவை 'ஸாயிமா'. தீனி போட்டு வளர்ப்பவை 'மஃலூஃபா'. ஹனஃபீ, ஷாஃபிஈ, ஹன்பலீ ஆகிய மூன்று சட்டப்பள்ளிகளும் கால்நடை ஜகாத்தை ஸாயிமாவுக்கே உரியதாக்கின. இமாம் மாலிக் அவர்களின் பள்ளி இவ்வேறுபாட்டைக் கொள்ளவில்லை. வணிகத்திற்கென வாங்கியவை வணிகப்பொருளாகக் கருதப்பட்டு விலைமதிப்பில் நாற்பதில் ஒரு பங்கு என்னும் கணக்கில் வரும். தீனிச் செலவு ஆதாயத்தைத் தின்றுவிடும் என்பதை அறிந்தோரின் பகுப்பு இது எனக் கொள்வதில் தவறில்லை. நாம் மேலே போட்ட இரு கணக்குகளும் ஒரு வகையில் ஸாயிமா, மஃலூஃபா கணக்குகளே.

விற்கும் நாள்

மாடு கொழுக்கக் கொழுக்க ஒவ்வொரு புதிய கிலோவும் முன்னைய கிலோவினும் விலை கூடியதாகின்றது. தொடக்கத்தில் சதை வளர்கின்றது; முடிவில் கொழுப்பு வளர்கின்றது. கொழுப்பை உண்டாக்க மிகுதியான தீனி தேவை. கடைசித் திங்களில் நாளுக்கு 1.2 கிலோவே கூடுகிறது, கிலோவுக்கு 8.5 கிலோ தீனி ஆகிறது எனக் கொள்வோம். 22 சென்ட் தீனியில் ஒரு கிலோவுக்குத் தீனி 1.87, பட்டிக்கூலி 0.42, வட்டி 0.33, ஆக 2.62 டாலர். விற்பது 3.00-க்கு, ஆகவே இன்னும் வைத்திருக்கலாம். தீனி 33 சென்ட் ஆகிவிட்டால் அதே கிலோவின் செலவு 3.56 டாலர். இப்போது ஒவ்வொரு நாளும் நட்டம். உடனே விற்றுவிட வேண்டும். சராசரிச் செலவைப் பார்த்து முடிவெடுப்பவர் இவ்விடத்தில் வழி தவறுவார். கடைசிக் கிலோவின் செலவே விற்கும் நாளைக் காட்டும். பொருளியல் வகுப்பில் இறுதிநிலைச் செலவு என்று மனப்பாடம் செய்த சொல்லின் உயிருள்ள பொருள் இதுதான்.

கொழுப்பு மிகுவதால் வேறொரு வரவும் உண்டு. சதையினூடே கொழுப்பு நன்கு படர்ந்த இறைச்சியை 'பிரைம்' என்றும், அடுத்ததைச் 'சாய்ஸ்' என்றும், அதற்கும் அடுத்ததைச் 'செலக்ட்' என்றும் அமெரிக்க வேளாண்துறை தரம் பிரிக்கின்றது. தரத்திற்கேற்ப விலை மாறும். ஆயினும் முதுகில் மிகையாகக் கொழுப்பேறினால் விலை குறையும். ஆகவே அதிலும் எல்லை உண்டு.

செலவைக் குறைக்கும் உத்திகள் பல. 1975-இல் அந்நாட்டில் மாடுகளுக்கு ஒப்புதல் பெற்ற மோனென்சின் என்னும் மருந்து, தீனியைச் சிக்கனமாக்குகின்றது. காதின் தோலடியில் வைக்கும் இயக்குநீர் வில்லைகள் எடையைக் கூட்டுகின்றன. ஆனால் அவ்வாறு வளர்ந்த மாட்டின் இறைச்சியை ஐரோப்பியச் சமூகம் 1989 முதல் தடுத்துள்ளமையால், அச்சந்தையை நாடுவோர் அதனைக் கைவிட வேண்டும். எத்தனால் ஆலைகளில் சோளத்தின் மாவுப்பொருள் போக எஞ்சும் சக்கை இன்னொரு பெரும்பேறு. ஈரச்சக்கை நெடுந்தொலைவு போகாது. கனமும் மிகுதி, கெட்டும்போகும். ஆகவே ஆலைக்கு அருகிலுள்ள நெப்ராஸ்கா, அயோவாப் பட்டிகளுக்கே அதன் ஆதாயம் கிட்டுகின்றது. அயோவாவில் சிலர் திறந்த பட்டிக்கு மாற்றாகக் கூரையிட்டு, வைக்கோலைத் தடிக்கப் பரப்பிய கொட்டில் கட்டுகின்றனர். கட்டடச் செலவும் வைக்கோற் செலவும் கூடும். குளிரிலும் சேற்றிலும் மாடு வீணாக்கும் தீனி மிஞ்சும்; எருவும் மழையில் கரையாமல் வயலுக்குப் போகும். உர விலை ஏறிய 2021, 2022 ஆண்டுகளில் அவ்வெருவே ஒரு வருவாயாகக் கருதப்பட்டது.

தோலையும் விட்டுவிடலாகாது. மாட்டின் துணைப்பொருள்களில் நெடுங்காலம் தோலே தலைமையானது. தோல் வணிகத்தில் பழகிய நம் பெரியோர்க்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. செயற்கைப் பொருளில் காலணி பெருகியதால் அமெரிக்கத் தோல்விலை 2014-க்குப்பின் வீழ்ந்தது. 2019, 2020-இல் தரங்குறைந்த தோல்களை மண்ணில் புதைத்த கூடங்களும் உண்டு. அவ்விழப்பும் முடிவில் மாட்டின் விலையிலேயே கழிக்கப்படும்.

பெயருக்குரிய விலை

புல் மாட்டு இறைச்சிக்கு 26 விழுக்காடு கூடுதல் விலை வேண்டும் என்று கண்டோம். அவ்விலையைத் தரும் நுகர்வோர் அமெரிக்க நகரங்களில் உண்டு. அதனினும் மிகுதியாகத் தருவோரும் உண்டு. ஆனால் அவ்விலை சந்தையில் தானாக வருவதில்லை. உழவரே வாடிக்கையாளரைத் தேட வேண்டும். அறுப்புக்கூடத்தில் முறைக்குக் காத்திருக்க வேண்டும். உறைபெட்டி வைக்க வேண்டும். முதுகுத்தசை விற்றுப்போக எஞ்சும் தொடை, கழுத்துப் பகுதிகளையும் விற்றாக வேண்டும். இவ்வுழைப்புக்கு ஊதியம் போட்டால் கூடுதல் விலையில் ஒரு பகுதி கரைந்துவிடும்.

மேலும், அப்பெயருக்குக் காவலும் போதியதாக இல்லை. வேளாண்துறை 2007-இல் வகுத்த 'புல்லுண்ட மாடு' என்னும் தர வரையறையை 2016-இல் அதுவே திரும்பப் பெற்றது. மாட்டிறைச்சி எந்நாட்டது எனக் கட்டாயமாகக் குறிக்கும் விதி 2015 இறுதியில் நீக்கப்பட்டபின், ஆஸ்திரேலியாவிலிருந்தும் உருகுவேயிலிருந்தும் வந்த இறைச்சி, அமெரிக்காவில் வெட்டிப் பொதியப்பட்டால் அமெரிக்கப் பொருள் என்னும் சீட்டைப் பெற முடிந்தது. பனியில் உலர்புல் போட்டு வளர்த்த அயோவா உழவரின் மாடு, ஆண்டெல்லாம் பசும்புல் மேய்ந்த அயல்நாட்டு மாட்டோடு ஒரே பெயரில் ஒரே அலமாரியில் நின்றது. விலை எங்கே தங்கும்? 2024-இல் வெளியிடப்பட்ட புதிய விதி, அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்து அறுக்கப்பட்ட மாட்டிற்கு மட்டுமே அச்சீட்டை உரியதாக்கி, 2026 சனவரி முதல் நடைமுறைக்கு வரும் என அறிவித்தது.

தானிய மாட்டுக்காரரின் இடரும் சிறிதன்று. கொழுத்த மாடுகளில் ஏறத்தாழ 85 விழுக்காட்டை நான்கு பெரு நிறுவனங்களே வாங்கி அறுக்கின்றன. 2019 ஆகஸ்டில் கான்சாசின் ஹோல்கம் நகரில் ஒரு பெருங்கூடம் தீக்கிரையானபோது, அறுக்க இடமின்றி மாட்டின் விலை வீழ்ந்தது. அதே நாட்களில் இறைச்சியின் விலை ஏறியது. 12 சென்ட் இறக்கத்தைத் தாங்காத நம் கணக்கு இத்தகைய நாட்களில் என்னாகும் என்பது வெளிப்படை. இதற்கெனவே சிகாகோ வணிகச் சந்தையில் 1964 முதல் கொழுத்த மாட்டுக்கும், 1971 முதல் வளர்ப்புக் கன்றுக்கும் முன்பேர ஒப்பந்தங்கள் நடைபெறுகின்றன. விலையை முன்னரே உறுதி செய்துகொள்ள அவை உதவும். ஆனால் அடக்கத்துக்குக் கீழான விலையை அவை உயர்த்தித் தருவதில்லை.

இரு கணக்கிலும் ஏறாத செலவு ஒன்றுண்டு. மேட்டுச் சமவெளியின் சோளம் ஒகலாலா என்னும் நிலத்தடி நீர்த்தொகுதியை நம்பியது. எட்டு மாநிலங்களுக்கு அடியில் பரந்து கிடக்கும் அந்நீர், கான்சாசின் மேற்கிலும் டெக்சாசின் வடக்கிலும் ஊறுவதினும் விரைவாக இறைக்கப்படுகின்றது. உலர்தீனிக்கு நாம் இட்ட 22 சென்ட்டில் இறைக்கும் மின்கூலி அடங்கும். நீரின் விலை அடங்காது. புல்வெளிக்காரர் பக்கம் நின்று வாதிடுவோர்க்கு இதுவே வலுவான வாதம். ஆயினும் அவ்வாதத்தை எந்த வங்கியும் அவருடைய 162 டாலர் நட்டத்தில் கழித்துக்கொள்வதில்லை.

2025 சனவரியில் அந்நாட்டின் மொத்த மாடுகள் 8.67 கோடி எனக் கணக்கிடப்பட்டது; 1951-க்குப்பின் அதுவரை அதுவே மிகக் குறைவாக இருந்தது. மெக்சிகோவிலிருந்து வந்துகொண்டிருந்த இளங்காளைகளும், சதையைத் துளைக்கும் ஈப்புழு நோய் காரணமாக 2024 நவம்பரில் நிறுத்தப்பட்டு, இடையில் திறக்கப்பட்டு, 2025 மே திங்களில் மீண்டும் தடைபட்டன. கன்று விலை வரலாறு காணாத உயரத்திற்கு ஏறியது. சோளமோ 2022-ஆம் ஆண்டினும் மலிந்திருந்தது. பட்டிக்காரர்கள் புதிய கன்றைத் தேடுவதினும் கையிலிருப்பதை மேலும் சில வாரங்கள் தீனியில் நிறுத்தினர். அறுக்கப்படும் மாடுகளின் உரித்த எடை முன்னெப்போதும் இல்லாத அளவு கூடியது. கன்று வளர்க்கும் உழவர்க்கு நெடுநாட்களுக்குப் பின் நல்ல விலை கிடைத்தது. ஆனால் மந்தையைப் பெருக்க வேண்டுமாயின், அந்த நல்ல விலைக்கு விற்கக்கூடிய கிடாரியை விற்காமல் நிறுத்தி, அது ஈன்று, அக்கன்று விற்பனைக்கு வரும்வரை இரண்டாண்டுகளுக்கு மேல் தீனி போட்டுக் காத்திருக்க வேண்டும்.